விடைத்தாளைப் பார்க்கும் உரிமை



ஜெர்மனியின் பிரேமன் பல்கலைக்கழகம் 2007-ஆம் ஆண்டிலேயே கணினித் தேர்வுக்கென்று தனிக் கூடம் திறந்துவிட்டது. பெர்லின் சுதந்திரப் பல்கலைக்கழகத்தில் அத்தகைய கூடம் 2013-இல் வந்தது. நம் நாட்டிலும் 2014 முதல் மேற்படிப்புக்கான கேட் தேர்வு முழுக்கக் கணினியில்தான். 2019 முதல் ஜேஇஇ மெயினின் பொறியியல் நுழைவுத் தாளும் அப்படியே. ஆக, இயந்திரத்தில் நாம் பின்தங்கிவிடவில்லை. நான் பேச வந்தது தேர்வு முடிந்த பிறகு நடப்பதைப் பற்றி.

ஜெர்மனியில் மருத்துவ மாணவர்களுக்கு அரசுத் தேர்வு உண்டு. அதன் எழுத்துத் தேர்வில், கொடுக்கப்பட்ட விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தோற்றுப்போன சிலர், தங்கள் விடையும் சரிதான் என்று வழக்குப் போட்டார்கள். 1991 ஏப்ரல் 17 அன்று அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: துறை அறிவு ஏற்கும் விடையைத் தவறு என்று தள்ளக் கூடாது. ஒருவர் எந்தத் தொழிலுக்குப் போகலாம் என்பதையே தேர்வு முடிவு செய்கிறது. அதனால் விடைத்தாள் திருத்துவதும் நீதிமன்றத்தின் பார்வைக்கு உட்பட்டது.

அங்கே பல்கலைக்கழகங்களில் பொதுவாக முடிவு வந்ததும் விடைத்தாளைப் பார்க்க ஒரு நாள் குறிப்பார்கள். கணினித் தேர்வென்றால் திரையிலேயே கேள்வி, நீங்கள் தந்த விடை, கிடைத்த மதிப்பெண் எல்லாம் தெரியும். ஏன் இப்படி மதிப்பெண் போட்டீர்கள் என்று நேருக்கு நேர் கேட்கலாம்.

கணினித் தேர்வுக்கு இப்படிப் பார்ப்பது இரட்டிப்பு அவசியம். கையால் திருத்துபவர் அசந்தால் ஒரு பிள்ளைக்குத்தான் நஷ்டம். விடைக்குறிப்பில் ஒரு கேள்வி தவறாக ஏறிவிட்டாலோ, தேர்வெழுதிய அத்தனை பேரையும் அது பாதிக்கும்.

நம் உச்ச நீதிமன்றமும் 2011-இல், தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மாணவர் தம் விடைத்தாளைப் பார்க்கலாம் என்று தீர்ப்பளித்தது. அண்ணா பல்கலைக்கழகத்தில் போட்டோகாப்பி வாங்கி ரீவேல்யூவேஷன் போட்ட குடும்பங்களுக்கு அதன் அருமை தெரியும். ஆனால் ஜேஇஇ மெயினில் விடைக்குறிப்பை மறுக்க ஒரு கேள்விக்கு 200 ரூபாய் கட்டச் சொல்கிறார்கள். எனக்கு இது நியாயமாகப் படவில்லை. தவறைக் கண்டுபிடித்துச் சொல்லும் பிள்ளை தேர்வை நடத்துபவர்களுக்கல்லவா உதவுகிறது! கூலி வேலை செய்யும் வீட்டில் ஐந்து கேள்விக்கு ஆயிரம் ரூபாய் என்றால், விடை சரியென்று தெரிந்தும் பேசாமல் இருந்துவிடுவார்கள்.

ஜெர்மனிக்குப் படிக்கப் போகும் பிள்ளைகளே, பாஸாகிவிட்டாலும் குறித்த நாளில் போய் உங்கள் விடைத்தாளைப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் ஆட்சேபம் தெரிவிப்பதற்கான கெடு முடிவதற்குள் எழுதிக் கொடுங்கள்.