பெயரேடும் தராசும்: மாற்றார் படைவலியை அளப்பதில் புலனாய்வின் பங்கு

எதிரெதிராக நிற்கும் இரு தரப்புகளின் படைவலியை ஒப்பிடுவதில் புலனாய்வு அமைப்புகள் ஆற்றும் பங்கு, அந்தப் பங்கின் எல்லை, அது பிழைக்கும் இடங்கள் ஆகியவற்றை ஆராய்வதே டிக்கோயாவில் கூடியிருக்கும் இக்கருத்தரங்கின் நோக்கம். தலைநகரங்களில் மூடிய கதவுகளுக்குப் பின்னால் பேசப்படும் பொருளாக இது தோன்றினாலும், அங்கே பிழைபட்ட கணக்கின் விலையைக் கட்டியவர்களுள் தேயிலைத் தோட்டத்து லயங்களில் வாழ்ந்தவர்களும் உண்டு என்பதால், இதனை மலைநாட்டில் வைத்து ஆராய்வது முற்றிலும் பொருத்தமானது.

முதலில் சில சொற்களின் பொருளை வரையறுத்துக்கொள்வது தகும். ஒரு நாட்டின் படையில் எத்தனை பிரிவுகள் உள்ளன, அவை எங்கே நிறுத்தப்பட்டுள்ளன, யாருடைய கட்டளையில் இயங்குகின்றன, எந்தக் கருவிகளை வைத்திருக்கின்றன என்பதைத் தொகுத்துக் காட்டும் பட்டியல் ‘படை அமைப்பு அட்டவணை’ எனப்படும். அந்தப் படையால் எதைச் செய்ய முடியும் என்பது ‘ஆற்றல்’. அதைச் செய்ய அதன் தலைமை எண்ணியிருக்கிறதா என்பது ‘நோக்கம்’. புலனாய்வு அமைப்புகள் பெரும்பாலும் மாற்றாரையே ஆராய்கின்றன; தம் பக்கத்துப் படையின் குறைகளைக் கணக்கெடுக்கும் பொறுப்பு அவற்றிடம் ஒப்படைக்கப்படுவதில்லை. இரு பக்கத்தையும் ஒன்றோடொன்று மோதவிட்டு, காலம், இடம், வழங்கல், மனவுறுதி ஆகியவற்றையும் சேர்த்து எடைபோடும் முறை ‘நிகர மதிப்பீடு’ எனப்படும். அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 1973 ஆம் ஆண்டில் இதற்கெனத் தனி அலுவலகம் ஒன்றை நிறுவி, ஆண்ட்ரூ மார்ஷலை அதன் பொறுப்பில் அமர்த்தியது.

பெயர் புதியதாயினும் கருத்து தமிழுக்குப் புதியதன்று. திருக்குறளின் வலியறிதல் அதிகாரம், மேற்கொள்ளும் செயல், தன் பக்கம், மாற்றார் பக்கம், இரு பக்கத்துத் துணைவர் என நான்கு வலிகளையும் ஒருசேரத் தூக்கிப் பார்க்கச் சொல்கிறது. அதனை அடுத்துக் காலமறிதலும் இடனறிதலும் அமைந்திருப்பது, வலிமை என்பது காலத்தையும் களத்தையும் விட்டுத் தனியே நிற்பதில்லை என்பதை அதிகார வைப்பிலேயே உணர்த்துகிறது. ஒற்றாடல் அதிகாரமோ, ஓர் ஒற்றன் கொண்டுவந்ததை மற்றோர் ஒற்றனைக் கொண்டு சரிபார்க்க வேண்டும் என்றும், ஒருவரையொருவர் அறியாத மூவரின் சொல் ஒத்துவந்த பின்னரே நம்ப வேண்டும் என்றும் நெறி வகுக்கிறது.

இந்த வேறுபாடுகளை விளக்க இந்த மண்ணிலேயே நல்ல சான்று இருக்கிறது. தோட்டத்தின் செக்ரோல் என்னும் பெயரேட்டில் பதிந்திருக்கும் பெயர்கள் ஒரு கணக்கு. காலையில் பெரட்டுக்களத்தில் வந்து நிற்கும் ஆட்கள் வேறொரு கணக்கு. மாலையில் மடுவத்துத் தராசில் ஏறும் கொழுந்து, கூடைக்கும் ஈரத்துக்கும் கழிவு போன பிறகு நிற்கும் நிறை, மூன்றாவது கணக்கு. செக்ரோலை மட்டும் புரட்டிவிட்டு அன்றைய கொழுந்து இவ்வளவு என்று சொல்லிவிடும் கணக்கப்பிள்ளை எவரும் இல்லை. மழையும், மலையின் சரிவும், கொழுந்து துளிர்த்திருக்கும் பதமும், வந்தவரின் உடல்நலமும் இடையில் நிற்கின்றன என்பது அவருக்குத் தெரியும். படைவலியை மதிப்பிடுவோர் செய்த பெரும் பிழைகளை வரிசைப்படுத்திப் பார்த்தால், அவற்றுள் பல முதல் கணக்கை மூன்றாவது கணக்காக எடுத்துக்கொண்டதால் விளைந்தவை என்பது புலப்படும்.

இலங்கை வரலாற்றில் இதற்கு மிகத் தெளிவான எடுத்துக்காட்டு 1942 ஆம் ஆண்டின் உயிர்த்த ஞாயிறு. சிங்கப்பூர் வீழ்ச்சியுறும் நிலையில் இருந்தபோது, அங்கிருந்த பிரித்தானியரின் தூரகிழக்கு ஒருங்கிணைந்த புலனாய்வுப் பணியகம் அவ்வாண்டு ஜனவரியில் கொழும்புக்கு மாற்றப்பட்டு, பள்ளிக் கட்டடம் ஒன்றில் இயங்கத் தொடங்கியது. ஜப்பானியக் கடற்படையின் மறைக்குறிச் செய்திகளை வானலையில் பிடித்து அவிழ்ப்பதே அதன் தலையாய பணி. மார்ச் மாத இறுதியில், ஏப்ரல் முதல் நாளையொட்டி விமானந்தாங்கிக் கப்பல்கள் கொழும்பைத் தாக்கக்கூடும் என்று அப்பணியகம் கண்டறிந்து சொன்னது. காலமும் இடமும் ஏறத்தாழச் சரியாகவே அறியப்பட்டன; பிழைத்தது அளவு. வரவிருப்பவை இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட விமானந்தாங்கிகள் என்ற எதிர்பார்ப்போடுதான் பிரித்தானியரின் கீழைக் கடற்படைத் தளபதி அட்மிரல் ஜேம்ஸ் சோமர்வில் தம் கப்பல்களை இலங்கைக்குத் தெற்கே நிறுத்தினார். ஜப்பானியத் தளபதி நகுமோவின் தலைமையில் உண்மையில் வந்தவை ஐந்து. இரண்டு நாள் காத்திருந்தும் பகைவர் வராததால், நீரும் எரிபொருளும் நிரப்புவதற்காகக் கடற்படையின் பெரும்பகுதி மாலைதீவின் அட்டு பவழத்தீவுக்குத் திரும்பியது.

ஏப்ரல் 4 ஆம் நாள், காலிக்கு அருகே கொக்கல நீர்நிலையிலிருந்து எழுந்த கனடிய வான்படையின் கட்டலினா விமானம் ஒன்று, இலங்கையின் தென்கிழக்கே சுமார் 350 மைல் தொலைவில் ஜப்பானியக் கப்பல் தொகுதியைக் கண்டது. லியனார்ட் பேர்ச்சல் செலுத்திய அவ்விமானம் செய்தியை அனுப்பிக்கொண்டிருக்கையிலேயே சுட்டு வீழ்த்தப்பட்டது. வருகிறார்கள் என்ற செய்தி கரையை எட்டியது, எத்தனை பேர் என்ற கணக்கு முழுமை பெறவில்லை. மறுநாளான உயிர்த்த ஞாயிறு காலை கொழும்பு தாக்கப்பட்டது; அன்று பிற்பகலில் டோர்செட்ஷயர், கோர்ன்வால் என்னும் இரு போர்க்கப்பல்கள் கடலில் மூழ்கின; ஏப்ரல் 9 அன்று திருகோணமலை தாக்கப்பட்டபோது ஹேர்மீஸ் விமானந்தாங்கியும் மூழ்கியது. இரு தரப்பின் முதன்மைக் கடற்படைகளும் பகலில் நேருக்கு நேர் சந்திக்காமல் போனதாலேயே இழப்பு அந்த அளவோடு நின்றது.

இந்நிகழ்வில் இன்னொரு பாடமும் உண்டு. கப்பல்களின் எண்ணிக்கை ஒரு புறமிருக்க, அவற்றிலிருந்து எழும் விமானங்களின் தரத்தைப் பிரித்தானியர் குறைத்தே மதித்திருந்தனர். ஜப்பானின் ஜீரோ போர்விமானம் 1940 முதலே சீனப் போர்முனையில் பறந்துகொண்டிருந்தது. அதைப் பற்றிய தகவல்கள் பிரித்தானிய அலுவலகங்களை எட்டியிருந்தும், மலாயாவிலும் சிங்கப்பூரிலும் அதனை எதிர்த்துப் பறக்க வேண்டியிருந்த விமானிகளிடம் அவை உரியவாறு போய்ச் சேரவில்லை. ஓர் அலுவலகத்தின் கோப்பில் கிடக்கும் உண்மை, போர்முனையைப் பொறுத்தவரை அறியப்படாத உண்மையே ஆகும். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1944 ஏப்ரலில், மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகம் இம்மலைகளின் அடிவாரத்தில், பேராதனைத் தாவரவியற் பூங்காவில் வந்து அமைந்தபோது, கொழும்பின் மறைக்குறி நிலையமும் மீண்டும் இயங்கிக்கொண்டிருந்தது. தோல்வி கற்பித்ததை அமைப்பாக மாற்றிக்கொள்ள அத்தனை காலம் தேவைப்பட்டது.

குறைத்து மதிப்பிடுவது ஒரு பிழையென்றால், கூட்டி மதிப்பிடுவது அதற்கு இணையான பிழை. 1950களின் இறுதியில், சோவியத் ஒன்றியம் கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணைகளில் அமெரிக்காவை வெகுதூரம் முந்திவிடும் என்ற அச்சம் ‘ஏவுகணை இடைவெளி’ என்ற பெயரில் பரவி, 1960 ஆம் ஆண்டின் அமெரிக்கத் தேர்தலிலும் எதிரொலித்தது. அந்த ஆண்டு ஆகஸ்ட்டில் கொரோனா உளவுச் செய்மதி முதன்முதலாகப் படச்சுருளைப் பூமிக்குத் திருப்பியனுப்பியது. அதன் படங்களைப் பார்த்த பின், 1961 செப்டெம்பரில், பயன்பாட்டில் உள்ள சோவியத் ஏவுதளங்கள் 10 முதல் 25 வரையே என்று அமெரிக்க மதிப்பீடு இறங்கியது. உண்மை எண்ணிக்கை அதனினும் குறைவு. இதில் ஆழ்ந்து கவனிக்க வேண்டியது, ஒரே சான்றுகளைப் பார்த்த துறைகள் வேறுவேறு எண்களைச் சொன்னதுதான். ஏவுகணைகளுக்கும் குண்டுவீச்சு விமானங்களுக்கும் பணம் கேட்டுக்கொண்டிருந்த வான்படையின் எண் மிக உயர்ந்து நின்றது. தரைப்படையும் கடற்படையும் சொன்ன எண்கள் மிகத் தாழ்ந்திருந்தன. அளப்பவரின் தேவை தராசின் தட்டில் ஏறிவிட்டால் நிறை பொய்த்துவிடும்.

அண்டை நாடான இந்தியாவில் இப்பொருளைத் திறந்த மனத்தோடு ஆராய்ந்த ஆவணம் கார்கில் மீளாய்வுக் குழுவின் அறிக்கை. பாகிஸ்தானுடனான கார்கில் போரை ஆராய 1999 ஜூலையில் அமைக்கப்பட்ட அக்குழுவின் தலைவர், திருச்சிராப்பள்ளியில் பிறந்த கே. சுப்பிரமணியம். கார்கிலுக்கு எதிரே 1998 ஆம் ஆண்டில் எந்தெந்தப் பாகிஸ்தானியப் பட்டாலியன்கள் உள்ளே வந்தன, எவை வெளியேறின, நின்றவை எவை என்ற துல்லியமான விவரம் இல்லாமற் போனதே புலனாய்வின் பெருங்குறை என்று அக்குழு கண்டது. அதாவது, படை அமைப்பு அட்டவணையே ஓட்டையாக இருந்தது. ஓர் அமைப்பு எழுதிய எச்சரிக்கைக் கடிதம், அதனைக் கட்டாயம் பார்த்திருக்க வேண்டிய பிற அமைப்புகளின் தலைவர்களுக்கு நேரடியாக முகவரியிடப்படவில்லை என்பதையும் அறிக்கை பதிவு செய்தது. அரசு தன் பிழையைத் தானே விசாரித்து, பாதுகாப்புக்காக நீக்கப்பட்ட பகுதிகள் போக எஞ்சியதை மக்கள் முன் வைத்தது பாராட்டுக்குரியது. பாதுகாப்புப் புலனாய்வு முகமை 2002 இல் உருவானது அவ்விசாரணையின் பயன்களுள் ஒன்று.

அட்டவணை நிறைந்திருந்தும் மதிப்பீடு தோற்கும் என்பதற்கு 1987 ஆம் ஆண்டின் யாழ்ப்பாணம் சான்று. தமிழ்ப் போராளிக் குழுக்களுக்கு 1983க்குப் பின் இந்திய மண்ணிலேயே பயிற்சி அளிக்கப்பட்டிருந்ததால், விடுதலைப் புலிகளின் கருவிகளும் ஆட்களும் தமக்குத் தெரிந்தவையே என்ற எண்ணம் அமைதி காக்க இலங்கைக்கு வந்த இந்தியப் படையினரிடம் இயல்பாக வேரூன்றியது. 1987 அக்டோபர் 11 ஆம் நாள் நள்ளிரவைக் கடந்து, புலிகளின் தலைமையைப் பிடிக்கும் நோக்கோடு யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தை அண்டி இறக்கப்பட்ட சீக்கிய இலகு காலாட்படையினர் 30 பேரில் ஒருவர் மட்டுமே உயிரோடு பிடிபட்டார், ஏனையோர் மாண்டனர். இந்தியப் படை 1990 மார்ச்சில் திரும்பிச் சென்றபோது, இழந்த வீரர்களின் எண்ணிக்கை ஏறத்தாழ 1,200ஐ எட்டியிருந்தது. பழக்கம் அறிவாக எடுத்துக்கொள்ளப்பட்டதன் விளைவு இது. துப்பாக்கிகளை எண்ணத் தெரிந்தவர்களுக்கு, அவற்றை ஏந்தியவர்கள் எவ்வளவு தூரம் போகத் துணிவார்கள் என்பது தெரியவில்லை. 2000 ஏப்ரலில் ஆனையிறவும் இதே பாடத்தை மறுபக்கத்திலிருந்து கற்பித்தது. ஆளெண்ணிக்கையிலும் பீரங்கியிலும் வலுவாக இருந்த இலங்கைப் படையின் அத்தளம், இயக்கச்சியின் நன்னீர்க் கிணறுகள் புலிகளின் வசமானதும் தாக்குப்பிடிக்க இயலாமல் ஏப்ரல் 22 அன்று கைவிடப்பட்டது. எந்தப் படைப்பட்டியலிலும் கிணற்றுக்கு ஒரு வரி ஒதுக்கப்படுவதில்லை.

இத்தகைய பிழைகளின் சுமை படையினரோடு முடிந்துவிடுவதில்லை. பகைவர் யார், எத்தனை பேர், எங்கே உள்ளனர் என்று துல்லியமாக அறியாத அரசு, அறியாமையை ஐயத்தால் நிரப்புகிறது. 1979 ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம் நடைமுறையில் இருந்த பதிற்றாண்டுகளில், கொழும்பின் கடைகளிலும் வீடுகளிலும் வேலை பார்த்த மலையக இளைஞர்கள் பேசும் மொழியாலேயே ஐயத்துக்கு ஆளாகி, சுற்றிவளைப்புகளில் அள்ளிச் செல்லப்பட்டனர். பிள்ளையின் தேசிய அடையாள அட்டையையும் தோட்ட நிர்வாகத்தின் கடிதத்தையும் கையில் வைத்துக்கொண்டு பொலிஸ் நிலைய வாசல்களில் நின்ற பெற்றோரை இந்த மலைகள் நன்கு அறியும். மறுபுறம், துல்லியமான தகவல் கையில் இருந்தும் பயன்படாமற் போனதை 2019 ஏப்ரல் 21 ஆம் நாளின் உயிர்த்த ஞாயிறு குண்டுத் தாக்குதல்கள் காட்டின. அந்த மாதம் 4 ஆம் நாளிலேயே இந்தியாவிலிருந்து எச்சரிக்கை வந்திருந்தும், அது உரிய காவலாக மாறவில்லை. 2023 ஜனவரியில் நாட்டின் உயர் நீதிமன்றம் இதற்குப் பொறுப்பானவர்களை இழப்பீடு செலுத்துமாறு பணித்தது. 77 ஆண்டு இடைவெளியில் இரண்டு உயிர்த்த ஞாயிறுகள்: முன்னதில் எச்சரிக்கை கடற்படையை நகர்த்தியது; பின்னதில் அது தேவாலய வாசலைக்கூட எட்டவில்லை.

ஆகவே இக்கருத்தரங்கின் அமர்வுகள் முன் மூன்று கேள்விகளை வைப்பது தலைமையின் கடமையாகிறது. புலனாய்வு அமைப்பு ஒன்று, உறுதியாக அறிந்ததையும், ஊகித்ததையும், அறியாததையும் ஒரே எண்ணுக்குள் கலந்துவிடாமல் மூன்று தனிப் பத்திகளாக எழுதித் தருவதை எப்படி உறுதி செய்வது என்பது முதற்கேள்வி. ஆட்சியாளர் விரும்பும் விடையிலிருந்தும், படைத்துறைகளின் செலவுத் தேவையிலிருந்தும் மதிப்பீட்டாளரைக் காக்கும் ஏற்பாடு எது என்பது இரண்டாவது. கண்டறிந்த உண்மை, அதனால் உயிர் பிழைக்கக்கூடியவரிடம் உரிய நேரத்தில் சென்று சேரும் வழி யாது என்பது மூன்றாவது. 1959 முதல் இலண்டனில் ஆண்டுதோறும் வெளிவரும் ‘படைச் சமநிலை’ போன்ற தொகுப்புகள், வெளிப்படையான சான்றுகளைக் கொண்டே பெருமளவு மதிப்பிட முடியும் என்பதைக் காட்டியிருப்பதால், இக்கேள்விகளை ஆராயும் உரிமையும் பொறுப்பும் பல்கலைக்கழகங்களுக்கும் உண்டு.

மாலையில் மடுவத்துத் தராசு ஏறும்போது, கொழுந்தைச் சுமந்து வந்தவர் தராசின் முள்ளைத் தாமும் பார்க்கிறார். கழிவு அதிகமென்று தோன்றினால் கேட்கிறார், ஏனெனில் பிழைபட்ட நிறை அவர் வீட்டு அடுப்பில் தெரியும். நாடுகள் தம் பகைவரின் வலியை நிறுக்கும் தராசும் அதன் விளைவைச் சுமக்கும் மக்களின் கேள்விக்கு உட்பட வேண்டும். அந்தக் கேள்வியை அறிவோடும் சான்றோடும் கேட்கப் பழக்குவதே இந்த அவையின் பணி என்ற நம்பிக்கையோடு, இக்கருத்தரங்கு தொடக்கி வைக்கப்படுகிறது.