படகு முகப்பும் பிரமிப்பும்



கலை என்றால் அழகு, அழகு என்றால் ஆனந்தம், அதற்குமேல் அதில் ஆராய்ச்சி எதற்கு என்பார் சிலர். மனித சமூக ஆராய்ச்சிக்காரர்கள் அப்படி விட்டுவிடுவதில்லை. ஒரு கலைப்பொருள் பார்க்கிறவனை என்ன செய்ய வைக்கிறது என்று கேட்கிறார்கள்.

நியூகினிக்குக் கிழக்கே டிரோபிரியாண்டு தீவுகள் இருக்கின்றன. 1915-க்கும் 1918-க்கும் இடையில் மலினோவ்ஸ்கி என்பவர் அங்கே தங்கி ஆராய்ந்தார். அத்தீவார் சங்கு வளைகளும் சிப்பி மாலைகளும் மாற்றிக்கொள்ளக் கடல் தாண்டிப் போவார்கள். படகின் முகப்பிலே செதுக்கி வர்ணம் தீட்டிய பலகை இருக்கும், கண்ணைப் பறிக்கும். படகு ஓடுவதற்கு இந்தச் சித்திரம் எதற்கு? 1992-ல் ஆல்பிரட் ஜெல் என்பவர் பதில் எழுதினார். கரையில் நிற்கிறவன் அதைக் கண்டு மலைத்து, இதைச் செய்தவனிடம் மந்திர சக்தி இருக்கவேண்டுமென்று எண்ணி, கொடுக்க நினைத்ததற்கு மேலேயே கொடுத்துவிடுவான் என்கிறார்.

காட்டுமிராண்டிகள் என்று சிரித்துவிடாதீர்கள். இங்கிலாந்தில் அதே ஜெல், சுமார் 11 வயதில் ஸாலிஸ்பரி மாதாகோவிலுக்குப் போனாராம். அவ்வளவு பெரிய கட்டடம் அவரை ஒன்றும் செய்யவில்லை. உள்ளே ஒரு மூலையில், தீக்குச்சிகளால் செய்த அதே கோவிலின் பொம்மைதான் அவரை வாயடைக்க வைத்தது. தீக்குச்சியும் பசையும் அவருக்குத் தெரியாதவையா? எப்படிச் செய்தான் என்பதுதான் எட்டவில்லை. எட்டாத இடத்தில் மந்திரம் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

இதில் வேடிக்கை, அந்தப் படகுப் பலகையைச் செதுக்குகிறவனே தன் கைத்திறன் மந்திரத்தால் வந்ததென்று நம்புகிறவன். ஆகவே, வெறும் ஏமாற்றென்று ஒரே சொல்லில் தள்ளிவிட என்னால் முடியவில்லை, தோழர்களே!