முதல் காற்றுத் தூரிகை



கொடைக்கானலுக்குச் செல்வோர் ரயிலைவிட்டு இறங்கும் கொடைரோடு நிலையத்தை உங்களிற் பலர் அறிவீர்கள். திருச்சிராப்பள்ளியையும் மதுரையையும் இணைத்து 1875-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற மீட்டர்கேஜ் பாதையின்மேல் அமைந்த நிலையம் அது. அப்பாதை அகலப் பாதையாக மாற்றப்படுவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பு, என் மாணவன் ஒருவன் நிலைய அதிகாரியின் அனுமதி பெற்று, அங்கே நின்றிருந்த பழைய சரக்கு வண்டி ஒன்றை நாடாவால் அளந்தான். நீளம், உயரம், கதவு, சக்கரம் மட்டுமன்று; பக்கத் தகடுகளைப் பிணைத்திருந்த ரிவெட்டு ஆணிகளையும் வரிசை வரிசையாக எண்ணிக் குறித்துக்கொண்டான். அவ்வளவுகளைக் கொண்டு, 87-இல் ஒரு பங்கு அளவில், அட்டையினால் ஒரு மாதிரி வண்டி செய்தான். அட்டையின் பின்புறத்தை மழுங்கிய ஊசியால் அழுத்தி, ஒவ்வோர் ஆணியையும் முன்புறம் புடைக்கச் செய்திருந்தான். அவ்வேலைக்கு நான்கு மாதங்கள் சென்றன.

வண்ணம் பூசும் நாள் வந்தது. அவன் என்னிடம் யோசனை கேட்டான். “கதவுக்குப் பூசும் எனாமல் வண்ணத்தை வாங்கித் தூரிகையால் இரு முறை பூசு” என்றேன். பூசினான். காய்ந்த பின் பார்த்தால், ஆணிகளில் ஒன்றையும் காணோம்! நான்கு மாத உழைப்பு என் ஒரு வார்த்தையால் வண்ணத்துள் மூழ்கிவிட்டது. அவன் என்னைக் குறை கூறவில்லை; அதனால் என் வருத்தம் இன்னும் மிகுந்தது.

பிழை எங்கே என்பதைச் சிறு கணக்கு ஒன்று காட்டும். உண்மையான வண்டியில் ஆணியின் தலை பத்து மில்லிமீட்டர் புடைத்திருப்பதாகக் கொள்வோம். மாதிரியில் அது ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான். தூரிகையால் பூசிய வண்ணமும் அதே தடிப்பு உடையதாயின், உண்மை வண்டியின்மேல் ஒன்பது மில்லிமீட்டர் கனத்தில் வண்ணத்தை அப்பியதற்கு அது சமமாகும். பொருளைச் சுருக்கினோம், வண்ணத்தின் தடிப்பைச் சுருக்க மறந்தோம். அதைச் சுருக்குவதற்கு உதவும் கருவியே காற்றுத் தூரிகை. கடைகளில் ஏர்பிரஷ் என்று கேட்டால் கொடுப்பார்கள்.

இக்கருவி புதியதன்று. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தைச் சேர்ந்த ஆப்னர் பீலர் என்பவர் 1879-இல் இதன் முன்னோடியை உருவாக்கினார். 1890-களில் சார்லஸ் பர்டிக் என்பவர், இன்றைய கருவியை ஒத்த ஒன்றை இங்கிலாந்தில் செய்து விற்கத் தொடங்கினார். படத்துக்கு மெருகூட்டவும் ஓவியம் தீட்டவும் பயன்பட்ட இது, பின்னர் மாதிரி செய்வோரின் மேசைக்கும் வந்து சேர்ந்தது.

இது எவ்வாறு இயங்குகிறது? நம் வட்டாரத்துத் திராட்சைத் தோட்டங்களில் முதுகில் தொங்கவிட்டு மருந்தடிக்கும் கருவியை இதனோடு ஒப்பிட வேண்டா. அதில் அழுத்தம் மருந்தை நேரே வெளியே தள்ளுகிறது. முற்காலத்தில் வீடுகளில் கொசுமருந்து அடித்த கைப்பம்பே இதற்குச் சரியான உவமை. அதில் காற்று ஒரு சிறு குழாயின் வாயைக் கடந்து விரைகிறது. அவ்விடத்தில் அழுத்தம் குறைகிறது. டப்பாவிலுள்ள திரவத்தை வெளிக்காற்றின் அழுத்தம் மேலே தள்ளுகிறது. மேலே வந்த திரவத்தைக் காற்று நுண்துளிகளாகச் சிதற அடிக்கிறது. காற்றுத் தூரிகையிலும் இதுவே நிகழ்கிறது. ஆனால் நடுவில் ஒரு கூரிய ஊசி இருந்து, வண்ணம் வெளிப்படும் வழியைத் திறக்கவும் மூடவும் செய்கிறது.

இனி, முதன்முறை வாங்குவோர் எதைப் பார்த்து வாங்குவது?

முதலாவது, விசை. ஒரு வகையில் விசையை அழுத்தினால் காற்றும் வண்ணமும் சேர்ந்தே வரும். வண்ணத்தின் அளவைத் திருகால் முன்னரே அமைக்க வேண்டும். மற்றொரு வகையில் அழுத்தினால் காற்று வரும்; பின்னுக்கு இழுத்தால் வண்ணம் வரும்; எவ்வளவு இழுக்கிறோமோ அவ்வளவு வரும். முதல் வகை எளிது. இரண்டாவது வகைக்குச் சில நாட்பயிற்சி தேவை. ஆயினும் விரலுக்கு அடங்குவது அதுவே. நான் இரண்டாவதையே பரிந்துரைப்பேன்.

இரண்டாவது, வண்ணக் கிண்ணம். கிண்ணம் மேலே இருந்தால் வண்ணம் தன் எடையாலேயே இறங்கும், குறைந்த காற்றழுத்தம் போதும், சில துளி வண்ணத்தைக்கொண்டும் வேலை செய்யலாம், கழுவுவதும் எளிது. கீழே புட்டி தொங்கும் வகை, பரந்த இடத்துக்கு நிறைய வண்ணம் பூசுவோர்க்கு உரியது. சிறு மாதிரிக்கு மேற்கிண்ணமே தக்கது.

மூன்றாவது, துளையின் அளவு. 0.2 மில்லிமீட்டர் துளை மயிரிழை போன்ற கோடு வரையும். ஆனால் வண்ணம் சிறிது தடித்தாலும் அடைத்துக்கொள்ளும். 0.5 மில்லிமீட்டர் துளை பெரும்பரப்புக்கு நன்று. தொடக்கத்துக்கு 0.3 அல்லது 0.4 போதுமானது.

நான்காவது, காற்று. இங்கேதான் பலர் கணக்குத் தவறுகின்றனர். கையிலுள்ள பணம் முழுவதையும் தூரிகைக்கே செலவிட்டுவிட்டுக் கம்ப்ரசருக்குத் திகைப்பர். காற்றைத் தேக்கும் தொட்டி, அழுத்தத்தைக் குறைத்துக் கூட்டும் திருகு, ஈரத்தைப் பிடிக்கும் குமிழ் ஆகிய மூன்றும் உள்ள கம்ப்ரசரே நல்லது. தொட்டியின்றேல் காற்று விட்டுவிட்டு வரலாம். ஈரம் பிடிக்கும் குமிழின்றேல், ஐப்பசி மழைநாளில் வண்ணத்தோடு நீர்த்துளியும் தெறித்து வேலையைக் கெடுக்கும். சதுர அங்குலத்துக்கு 15 முதல் 20 பவுண்டு அழுத்தம் பெரும்பாலான வேலைக்குப் போதும். நான்கு மாணவர் சேர்ந்து ஒரு கம்ப்ரசர் வாங்கலாம். தூரிகையை மட்டும் அவரவர் தனித்தனியே வைத்துக்கொள்ளலாம்.

இவை யாவற்றினும் முக்கியமான கேள்வி ஒன்று உண்டு: “இதை நானே பிரித்துக் கழுவித் திரும்பப் பூட்ட முடியுமா?” காற்றுத் தூரிகை பெரும்பாலும் தேய்ந்து கெடுவதில்லை, கழுவாமையால் கெடுகிறது. வண்ணம் உள்ளே காய்ந்தால் ஊசி இறுகிவிடும். கீழே விழுந்தால் ஊசிமுனை வளையும். ஆகவே, மாற்று ஊசியும் நுனிக்குழலும் தனியே கிடைக்கின்றனவா என்று கடைக்காரரைக் கேளுங்கள். கிடைக்குமெனில், நடுத்தர விலையுள்ளதே போதும். கிடையாதெனில், எவ்வளவு சிறந்ததாயினும் உங்கள் முதற் கருவியாக அது வேண்டா.

வாங்கியவுடன் மாதிரியின்மேல் அடிக்காதீர்கள். நீர் கலந்த மையைப் பழைய செய்தித்தாளின்மேல் அடித்து, புள்ளியும் கோடும் பழகுங்கள். பின்னர், நீரில் கரையும் அக்ரிலிக் வண்ணத்தைப் பால் பதத்துக்கு இளக்கி, மெல்லிய படலமாகப் பூசுங்கள். ஒன்று காய்ந்த பின்னரே அடுத்ததைப் பூசுங்கள். நீரில் கரைவது என்பதற்காக அத்துளிகளைச் சுவாசிக்கலாம் என எண்ணற்க. சன்னலைத் திறந்து வையுங்கள். வண்ணத் துளிகளைத் தடுக்கும் முகமூடியை அணியுங்கள்.

என் மாணவனின் கதைக்கு மீள்வோம். வேலைக்குச் சென்றபின் முதற் சம்பளத்தில் அவன் மிக நுண்ணிய துளையுள்ள, விலை உயர்ந்த காற்றுத் தூரிகை ஒன்றை வாங்கினான். அது ஒரு வாரத்தில் அடைத்துக்கொண்டது. பிரிக்க அஞ்சிப் பெட்டிக்குள் வைத்துவிட்டான். சில ஆண்டுகளுக்குப் பிறகு எளிய கருவி ஒன்றை வாங்கி, அதைப் பிரித்துப் பூட்டிப் பழகினான். பள்ளி நாளில் எழுதிய அளவுக் குறிப்பேடு அவனிடம் பத்திரமாக இருந்தது. அதைக்கொண்டு அவ்வண்டியை மீண்டும் செய்து, ஒருநாள் என் வீட்டுக்கு எடுத்து வந்தான். கண்ணாடியை அணிந்து பார்த்தேன். வரிசை வரிசையாக ஆணிகள் தெரிந்தன. எண்ணிப் பார்த்தேன், குறிப்பேட்டிலுள்ள கணக்கு சரியாக இருந்தது.

அவன் அளந்த வண்டி கொடைரோட்டில் இன்று இல்லை. அது ஓடிய மீட்டர்கேஜ் தண்டவாளமும் இல்லை. அவ்வண்டியின் உருவம் அவன் மேசையின்மேல் நிற்கிறது. நீங்களும் உங்கள் ஊரில் மறைந்துகொண்டிருக்கும் ஏதேனும் ஒன்றை அளந்து வையுங்கள், செய்து பாருங்கள். வண்ணம் பூசும்போது மட்டும், அன்று நான் சொன்ன யோசனையை விட்டுவிடுங்கள்.