வருமான வரியின் இடத்தில் விற்பனை வரியா?



வருமான வரியை அறவே ஒழித்துவிட்டு, மக்கள் வாங்கும் பொருள்மீதும் பெறும் சேவைமீதும் விதிக்கப்படும் விற்பனை வரியைக் கொண்டே அரசை நடத்தலாம் என்ற கருத்து, படித்தவர் அவைகளிலும் தொலைக்காட்சி விவாதங்களிலும் அடிக்கடி எழுப்பப்படுகிறது. கேட்பதற்கு எளிமையாகவும் நியாயமாகவும் தோன்றும் இக்கருத்து, உழைத்து உண்பவரின் சுமையைக் கூட்டி வசதி படைத்தவரின் சுமையை இறக்கிவைக்கும் ஏற்பாடே அன்றி வேறில்லை என்பதை எடுத்துரைப்பதே கொல்லிமலை அடிவாரத்து முள்ளுக்குறிச்சியில் நிகழ்த்தப்படும் இவ்வுரையின் நோக்கம்.

வருமான வரி என்பது நேர்முக வரி; ஈட்டியவரே அதைச் செலுத்துகிறார். வருமானம் உயர உயர வரி விகிதமும் உயர்வதால், அது ஏறுமுக வரி என்றும் சொல்லப்படும். விற்பனை வரியோ மறைமுக வரி. அரசுக்குக் கட்டுபவர் கடைக்காரர் என்றாலும், அது விலையோடு சேர்ந்து வாங்குபவரின் மடியிலிருந்தே போகிறது. மாதம் 15,000 ரூபாய் ஈட்டி அத்தனையையும் செலவழித்துவிடும் தொழிலாளி ஒருவரும், 3 லட்சம் ஈட்டி 1 லட்சத்தை மட்டும் செலவழிப்பவர் ஒருவரும் தத்தம் செலவில் சராசரியாகப் பத்தில் ஒரு பங்கை வரியாகக் கொடுப்பதாக வைத்துக்கொண்டால், தொழிலாளி தம் வருமானத்தில் 10 விழுக்காட்டையும் செல்வர் 3 விழுக்காட்டுக்குச் சற்றே கூடுதலாகவும் இழக்கின்றனர். மிச்சம் பிடிக்க வழியில்லாதவர்மீது கூடுதலாகவும், மிச்சம் பிடிக்க முடிந்தவர்மீது குறைவாகவும் விழும் இத்தகைய வரியைப் பொருளியலார் இறங்குமுக வரி என்பர்.

கொல்லிமலையில் மிளகும் காபியும் விளைவிப்பவருக்கும், அடிவாரத்தில் மரவள்ளி பயிரிடுபவருக்கும், வேளாண் வருமானம் என்பதால் மத்திய அரசின் வருமான வரி இன்றைக்கே கிடையாது. புதிய வரிமுறையைத் தேர்ந்தெடுக்கும் சம்பளக்காரருக்கும் 2025-26 நிதியாண்டு முதல் ஆண்டுக்கு 12 லட்சம் ரூபாய் வரை வரி இல்லை. எனவே வருமான வரி ஒழிந்தால் இம்மக்களுக்குக் கிடைக்கப்போவது ஒன்றுமில்லை. அதற்கு ஈடாக ஏறும் விற்பனை வரி மட்டுமே அவர்கள் தலையில் விழும். அந்த ஏற்றம் எவ்வளவு என்பதையும் கணக்கிடலாம். 2025-26 மத்திய வரவுசெலவுத் திட்டம் தனிநபர் வருமான வரியாக எதிர்பார்த்த தொகை 14.38 லட்சம் கோடி ரூபாய். அதற்கு முந்தைய ஆண்டில் நாடு முழுவதும் வசூலான மொத்த ஜிஎஸ்டி, அதாவது சரக்கு மற்றும் சேவை வரி, ஏறத்தாழ 22 லட்சம் கோடி. ஜிஎஸ்டியைக் கொண்டே அந்தப் பள்ளத்தை நிரப்புவதென்றால், வரி விகிதங்கள் அனைத்தையும் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு உயர்த்தியாக வேண்டும். இன்றைய 18 விழுக்காடு 30 விழுக்காடாகும். வரிக்கு முன் 300 ரூபாய் விலையுள்ள ஒரு சிமெண்டு மூட்டைக்கு இன்று வரி 54 ரூபாய். அந்த மாற்றம் வந்தால் அது 90 ரூபாய். செல்போன் ரீசார்ஜுக்கும் இதே கணக்குத்தான்.

விற்பனை வரியின் வரலாறு இந்த மண்ணோடு தொடர்புடையது என்பதையும் இங்கே நினைவூட்ட வேண்டும். ராஜாஜி தலைமையிலான சென்னை மாகாண அரசு 1937 அக்டோபர் 1 அன்று முதன்முதலாக மதுவிலக்கைக் கொண்டுவந்தது, அன்று கொல்லிமலையையும் நாமக்கல்லையும் உள்ளடக்கியிருந்த சேலம் மாவட்டத்தில்தான். மதுவிலக்கால் கலால் வருவாயில் நேர்ந்த இழப்பை ஈடுகட்டவே 1939இல் பொது விற்பனை வரிச் சட்டம் இயற்றப்பட்டது. இந்தியாவில் அவ்வகையில் அதுவே முதல் சட்டம். அந்த நோக்கம் உயர்ந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் பின்னர் நடந்தது என்ன? 1971இல் மதுவிலக்கு விலக்கப்பட்டது. இடையில் மீண்டும் வந்து மீண்டும் போனது. 1983இல் அரசின் மது வணிக நிறுவனமான டாஸ்மாக் நிறுவப்பட்டது. மதுவின் வருவாய் திரும்பிவந்த பிறகும் விற்பனை வரி விடைபெறவில்லை. அதற்கு முன்பே 1959இல் புதுச் சட்டமாகவும், பின்னர் 2007இல் மதிப்புக்கூட்டு வரியாகவும், 2017 ஜூலை 1 முதல் ஜிஎஸ்டியாகவும் அது வளர்ந்துகொண்டே வந்திருக்கிறது. ஒரு வரிக்கு ஈடாக வந்த வரி, பழைய வரி திரும்பிய பிறகும் போகாது என்பதற்குச் சேலம் சீமையின் வரலாறே சான்று. இன்று வருமான வரியை ஒழிப்பதாகச் சொல்பவர்கள், நாளை அது திரும்பி வராது என்பதற்கு யாரைப் பிணை நிறுத்துவார்கள்?

வருமான வரியை ஏய்ப்பவர் பலர், விற்பனை வரியிலிருந்து தப்ப முடியாது என்ற வாதமும் சொல்லப்படுகிறது. ஆனால் பில் போடாமல் விற்பது எந்தக் கடைவீதியும் அறியாத வித்தை அல்ல. வரி 30 விழுக்காடானால் அந்த ஆசை இன்னும் பெருகும், நேர்மையாகப் பில் போடும் சிறு வணிகரே நலிவார். உழவரின் நிலை இன்னும் மோசமானது. பதிவு பெற்ற வணிகர் தாம் கொள்முதலில் கட்டிய வரியைத் தாம் செலுத்த வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். இதற்கு உள்ளீட்டு வரி வரவு என்று பெயர். பதிவுக்கு வெளியே நிற்கும் உழவருக்கு இந்த வரவு கிடையாது. உரத்துக்கும் குழாய்க்கும் மோட்டாருக்கும் கட்டிய வரி அவர் தலையிலேயே தங்கிவிடுகிறது.

செலவுக்கு வரி விதித்தும் ஏழையைக் காக்க முடியுமா என்று இந்தியா முயன்று பார்த்ததும் உண்டு. 1956இல் இங்கு வந்து ஆய்ந்த பொருளியலறிஞர் நிக்கோலஸ் கால்டாரின் பரிந்துரைப்படி, நிதியமைச்சர் டி. டி. கிருஷ்ணமாச்சாரி 1957இல் செலவு வரிச் சட்டத்தைக் கொண்டுவந்தார். அது கடையில் வசூலிக்கும் வரி அல்ல. ஆண்டு முழுதும் பெருஞ்செல்வர் செய்த செலவைக் கணக்கெடுத்து ஏறுமுகமாக விதித்த வரி. மிகச் சொற்ப வருவாயே ஈட்டிய அது 1962இல் கைவிடப்பட்டது. 1964இல் மீண்டும் வந்து 1966இல் முற்றிலும் நீங்கியது. செல்வரின் செலவைத் தேடிப் பிடிக்க இயலாத அரசு, ஏழையின் செலவைக் கடை வாசலிலேயே பிடித்துக்கொள்வது எந்த அறநூலுக்கும் உடன்பாடாகாது.

ஆகவே இப்பெருங்கூட்டத்தின் முன் வைக்கப்படும் கோரிக்கைகள் தெளிவானவை. வருமான வரி நீடிக்க வேண்டும்; அதில் உள்ள ஓட்டைகள் அடைக்கப்பட வேண்டும்; பெருஞ்செல்வரிடமிருந்து உரிய பங்கு தவறாமல் வசூலாக வேண்டும். உணவுக்கும் மருந்துக்கும் உழவுக் கருவிக்கும் உள்ள விற்பனை வரி மேலும் குறைய வேண்டுமே தவிர, ஒரு காசும் ஏறக் கூடாது. வாக்குக் கேட்டு இம்மலையடிவாரத்துக்கு வரும் ஒவ்வொரு கட்சியிடமும், வருமான வரியை ஒழிப்பதில் அவர்கள் நிலை என்ன என்று கேளுங்கள். இருப்பவரிடமிருந்து எடுப்பதை விட்டுவிட்டு இல்லாதவரிடமிருந்து எடுக்கத் துணிபவருக்கு முள்ளுக்குறிச்சியின் ஒரு வாக்கும் இல்லை என்று உரக்கச் சொல்லுங்கள்!