வாட்காப்பு பிறந்த ஊர்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



கம்பனையும் வள்ளுவனையும் பேசிய புலவர்கட்குப் பின்னே எம்மை நிறுத்திவிட்டார்கள். மெட்ரிகுலேஷனோடு ஏட்டை மூடிவிட்டு ரயில்வேயில் எழுத்தராய் அமர்ந்த யாம் இலக்கியத்தில் கைவைப்பது முறையன்று. ஆதலின், நெடுநாளாக எம் கருத்தைக் கவர்ந்துள்ள ஓர் இரும்புத் தகட்டைப் பற்றிச் சில சொல்வோம்.

ஹைதராபாத்து சாலார் ஜங் அருங்காட்சியகத்தில் ஜப்பானிய வாட்களைக் கண்டவர்கள் இங்கே இருக்கலாம். காண்போர் கண் வாளின் அலகிலேயே செல்லும். அலகுக்கும் பிடிக்கும் நடுவே உள்ளங்கையளவு தகடு ஒன்று உண்டு. ஜப்பானியர் அதனை ட்சுபா என்பர். கை வழுக்கி அலகின்மேல் செல்லாது காப்பதும், வாளின் நிறையைச் சமன்செய்வதும் அதன் தொழில். நடுவே வாளின் அடிக்காம்பு நுழையும் துளை. பலவற்றில் அதன் இருமருங்கும் சிறுகத்திக்கும் ஊசி போன்ற கருவிக்கும் துளைகள். பிடியின் பூண், முனைக்குப்பி முதலியனவும் வேலைப்பாடு மிக்கவையே. எனினும் ஊரின் முத்திரை தெளிவாய்த் தெரிவது இத் தகட்டில்தான்.

பழைய இரும்புத் தகடுகளிற் பெரும்பாலானவற்றில் செய்தவன் பெயர் இராது. பெயர் இருந்தாலும் நம்புவதற்கில்லை. புகழ்பெற்றோர் பெயரைப் பிறர் பொறித்தது மிகுதி. ஆகவே இரும்பைத்தான் கேட்க வேண்டும்.

நாகோயா நகரைச் சூழ்ந்த பழைய ஓவாரி நாட்டுத் தகடு தடித்தது. வலமும் இடமும் ஒத்த வெட்டுவேலை உடையது. அதன் விளிம்பில் கடின இரும்பின் முடிச்சுகள் எலும்புபோல் புடைத்து நிற்கும். கியோத்தோத் தகடும் வெட்டுவேலையே. ஆனால் கோடுகள் மெலிந்து நளினமாய் ஓடும். இரண்டையும் அருகருகே வைத்தால் குழந்தையும் வேறுபாடு சொல்லும். ஒன்றை மட்டும் கையிற் கொடுத்தால் பெரியவரும் தயங்குவர்!

எம் மனத்திற்கு உகந்தது ஹிகோ. இன்றைய குமமோத்தோப் பகுதி அது. 1632-இல் ஹொசொகாவா குடும்பத்தார் அந் நாட்டின் ஆட்சிக்கு மாற்றப்பட்டனர். ஹிராத்தா ஹிகோஸோ என்னும் கைவினைஞரும் அவர்களைத் தொடர்ந்து சென்றார். மாற்றல் உத்தரவு வந்ததும் தட்டுமுட்டுகளைக் கட்டிக்கொண்டு கிளம்பிய நம் காலனிவாசிகளுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. குடும்பத்தின் மூத்தவரான ஹொசொகாவா ஸன்ஸாய், தேநீர்க் கலையின் பேராசான் ஸென் நோ ரிக்கியூவின் மாணாக்கர். அவருடைய அடக்கமான சுவை அவ்வூர் இரும்பிலும் இறங்கிற்று. ஹிராத்தா, நிஷிகாகி, ஷிமிஸு, ஹயாஷி என நான்கு மரபுகள் அங்கே தழைத்தன. ஹயாஷி மத்தாஷிச்சி துப்பாக்கி செய்யும் குடியிற் பிறந்தவர். அவர் இரும்பு நுண்ணியது. நீலமும் கருமையும் கலந்து, ஈரம் படிந்தாற்போல் ஒளிர்வது. நிஷிகாகித் தகடுகளிலோ வட்டம்கூடச் சிறிது நெகிழ்ந்திருக்கும். அந் நெகிழ்ச்சி வேண்டுமென்றே செய்தது.

ஹாகி நகரத் தகட்டில் மலையும் மலரும் புடைப்பாக நிற்கும். பலவற்றில் ஊர்ப் பெயரும் பொறித்திருப்பதால் வேலை எளிது. காகா நாட்டார் பொன்னையும் வெள்ளியையும் தளம் வழுவாமல் பதிப்பதில் வல்லவர்.

சிக்கல் ஷோஆமி என்னும் மரபில் வருகிறது. கியோத்தோவில் தோன்றி அக்கித்தா, அய்ஸு எனப் பல நாடுகளிலும் பரவிய பெயர் அது. ஊர் தெரியாத தகட்டுக்கெல்லாம் அப் பெயரை ஒட்டிவிடுவாரும் உளர். யாம் அதனை ஒப்புவதில்லை. சீட்டுக் கிழிந்த பார்சல் வந்தால், கட்டிய கயிறும் தைத்த சாக்கும் எவ்வூர் வழக்கம் என்று பார்ப்போமேயன்றி, வாய்க்கு வந்த ஸ்டேஷன் பெயரை எழுதுவோமா? கிடைத்த இடத்தையும் நம்பலாகாது. 1635 முதல் சிற்றரசர்கள் முறைவைத்து எதோவுக்குச் சென்று தங்க வேண்டியிருந்தது. அவர்தம் ஆட்களோடு பொருள்களும் போய்வந்தன.

1876-இல் அரசு வாள் ஏந்துவதைத் தடைசெய்தது. காப்புத் தகட்டுக்கு வேலை இல்லாது போயிற்று. கானோ நத்சுவோ முன்னரே புதிய அரசின் நாணயங்களுக்கு உருவமைத்துப் புகழ்பெற்றிருந்தார்; அத்தகைய நற்பேறு எல்லார்க்கும் வாய்க்கவில்லை. வாளினின்று கழற்றப்பட்ட தகடுகள் கடல் கடந்து விற்பனைக்குச் சென்றன. எவ்வாளில் இருந்தது, எவர் வீட்டில் இருந்தது என்ற செய்தி அத்தோடு போயிற்று. எஞ்சியது இரும்பின் மேற்றோல் ஒன்றே.

தாய்மார்களுக்கு ஒரு விண்ணப்பம். இத்தகைய பொருள் என்றேனும் உங்கள் கைக்கு வந்தால், பித்தளைக் குடத்தைப்போல் புளியும் செங்கற்பொடியும் இட்டுத் துலக்கிவிடாதீர்கள்! செந்துரு மட்டும் இருந்தால் மான்கொம்புத் துண்டினால் மெல்லத் தேய்த்து, பருத்தித் துணியால் பல நாள் துடைப்பதே அந்நாட்டு வழக்கம். அக் கருந்தோல் போய்விட்டால் ஹிகோவா ஓவாரியா என்று சொல்ல எப் பண்டிதராலும் அரிதாகும்.