இலை மஞ்சளானால் உரக்கடைக்கு ஓடும் முன்

(காரைக்கால்மேடு மகளிர் குழுக்களின் மாதக் கூட்டத்தில் எங்கள் குழு சார்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



போன கூட்டத்தில் எங்கள் குழுவில் நடந்த சண்டை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். சேமிப்புப் பணத்தில் கறிவேப்பிலை, செம்பருத்தி, மிளகாய், தக்காளி என்று கன்று வாங்கி, வாசலில் தொட்டியில் வைக்கச் சொல்லி ஆளுக்கு நாலு கொடுத்தோம். இரண்டே மாதத்தில் பாதி வீட்டில் இலை மஞ்சள் தட்டிவிட்டது. "சொத்தைக் கன்றை வாங்கியாந்து தலையில கட்டிட்டீங்க, காசைத் திருப்பிக் குடுங்க" என்று சத்தம். கணக்கு எழுதும் ஊக்குநர் அழுதே விட்டார். நூறு ரூபாயானாலும் குழுப் பணம் இல்லையா?

அதனால் அடுத்த வாரம் நாங்களே வீடு வீடாகப் போய்ப் பார்த்தோம். ஒரே நாளில், ஒரே இடத்தில் வாங்கின கன்று. ஒரு வீட்டில் தளதளவென்று நிற்கிறது, பக்கத்து வீட்டில் வெளிறிக் கிடக்கிறது. அப்போ குறை கன்றில் இல்லை என்று புரிந்தது.

முதலில் தொட்டியைச் சொல்கிறோம். பெயிண்ட் வாளி, ஐஸ் பெட்டி, உடைந்த குடம் என்று கிடைத்ததில் எல்லாம் வைத்திருக்கிறோம், அது நல்லதுதான். ஆனா பாதிப் பேர் அடியில் ஓட்டை போடவில்லை. கேட்டால் "திண்ணை சகதியாகுமே" என்கிறோம். வேருக்கும் மூச்சு வேணும். தண்ணி தேங்கினால் மண்ணுக்குள் காற்று போகாது, வேர் அழுகும், இலை மஞ்சளாகித் தொங்கும். தொங்குவதைப் பார்த்துத் தாகம் என்று நினைத்து இன்னும் ஒரு சொம்பு ஊத்துகிறோம். கதை முடிந்தது. விரலை இரண்டு கணு ஆழம் மண்ணில் விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் அன்றைக்குத் தண்ணி வேண்டாம். வாளியின் அடியில் நாலைந்து ஓட்டை, அதன் மேல் உடைந்த ஓட்டுத் துண்டு, இது போதும்.

அடுத்தது உப்பு. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லணும், ஏன்னா நம்ம ஊர் வியாதி இதுதான். மீனைக் கல்லுப்பு போட்டு உரசிக் கழுவுகிறோம். அந்தத் தண்ணியைச் "செடிக்குச் சத்து" என்று வேரில் ஊத்துகிறோம். கருவாடு ஊறவைத்த தண்ணியும் அங்கேதான் போகிறது. அடிபம்புத் தண்ணி சில தெருவில் கரிக்கும், அதையும் ஊத்துகிறோம். தண்ணியை வெயில் உறிஞ்சிக்கொள்ளும், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். மண்மேலும் வாளி விளிம்பிலும் வெள்ளையாகப் பூத்திருந்தால், இலை நுனியும் ஓரமும் கருகி வந்தால், அது உப்பு. மண்ணில் ஈரம் இருந்தும் வேரால் உறிஞ்ச முடியாது.

2004 டிசம்பர் 26 நமக்கு மறக்குமா? கடல் வந்து போனதற்குப் பிறகு, உயிர்ச் சேதம் போக, உப்பேறிய மண்ணும் மிச்சமாக நின்றது. இந்தக் கடற்கரையில் அப்போது என்ன செய்தார்கள்? வயலுக்கு வரப்பு போட்டு மழைத் தண்ணியைத் தேக்கி வடித்தார்கள், ஜிப்சம் போட்டார்கள், தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதார்கள். 2005 ஐப்பசி, கார்த்திகையில் கொட்டின மழை உப்பில் பெரும்பகுதியைக் கழுவிக்கொண்டு போனது. வயலுக்குச் செய்ததைத்தான் தொட்டிக்கும் செய்யணும். ஒரு வாளித் தொட்டிக்கு இரண்டு வாளி நல்ல தண்ணியை மெதுவாக ஊத்தி, அடி ஓட்டை வழியாக வடிய விடுங்கள். மழை நாளில் தொட்டியைத் தாழ்வாரத்தில் ஒளித்து வைக்காமல் வெளியே தள்ளுங்கள். கல்லுப்பு போடாமல் கழுவின முதல் தண்ணி, அரிசி களைஞ்ச தண்ணி, இரண்டும் ஊத்தலாம்.

மூன்றாவது, மணல். சும்மா கிடைக்கிறதே என்று கடற்கரை மணலை அள்ளி நிரப்பியிருக்கிறோம். அதில் கிளிஞ்சல் தூள் இருக்கும். சுண்ணாம்பு சுட்டதும் கிளிஞ்சலில்தானே! சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இரும்புச் சத்து இருந்தாலும் செடியால் எடுக்க முடியாது. கறிவேப்பிலையின் கொழுந்து இலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சைக் கோடாக நிற்கும். நாங்கள் பார்த்த கறிவேப்பிலையில் பெரும்பாலும் இப்படித்தான் இருந்தது. செம்மண், ஆற்று மணல், மக்கின சாணி எரு சம பங்காகக் கலந்து தொட்டியை மாற்றுங்கள். அவசரத்துக்கு, அன்னபேதி உப்பு 5 கிராமை ஒரு லிட்டர் தண்ணியில் கரைத்து, கொஞ்சம் எலுமிச்சைச் சாறு விட்டு, சாயங்காலத்தில் இலை நனையத் தெளிக்கலாம். சுவரில் பட்டால் கறை போகாது, பார்த்துக்கொள்ளுங்கள்.

கொழுந்து பச்சையாக இருந்து கீழே உள்ள முதிர்ந்த இலைகள் வரிசையாக மஞ்சளானால் அது வேறு, தழைச்சத்துக் குறைவு. ஒரு கை மண்புழு உரமோ, ஊறவைத்த கடலைப் பிண்ணாக்குக் கரைசலோ போதும். எப்போதாவது ஒன்றிரண்டு அடி இலை பழுத்து விழுவது வயசு, அதற்குப் பயப்பட வேண்டாம். புள்ளி புள்ளியாக வெளுத்தால் இலையைத் திருப்பிப் பாருங்கள். வெள்ளை ஈயோ அசுவினியோ இருந்தால் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புத் தண்ணி சேர்த்து அடிக்கலாம். வெண்டைச் செடியில் வலை பின்னினது போல நரம்பெல்லாம் மஞ்சளானால் மட்டும் மருந்து தேடாதீர்கள். அது வெள்ளை ஈ கொண்டு வருகிற வைரஸ், பிடுங்கி எரித்துவிடுங்கள்.

ஒரு வீட்டு அக்கா, பேர் வேண்டாம், மஞ்சளைப் பார்த்ததும் ஒரு கைப்பிடி யூரியாவை வாளியில் போட்டுவிட்டார். ஏற்கெனவே உப்புத் தண்ணி ஊத்தின செடி. இரண்டு நாளில் கருகிவிட்டது. யூரியாவும் கரையும்போது உப்பு போலத்தான் வேரைச் சுடும். இன்னொரு வீட்டில் டானிக் என்று ஒரு பாட்டில், கன்றை விட விலை அதிகம்.

ஒரு தடவை முழுக்க மஞ்சளான பழைய இலை பெரும்பாலும் திரும்பப் பச்சையாகாது. அதைப் பார்த்து மனசு விடாதீர்கள். இரண்டு மூன்று வாரம் கழித்து வருகிற புது இலையைப் பாருங்கள். அதுவும் வெளிறினால் மாதூரில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்துக்கு மண்ணையும் இலையையும் எடுத்துப் போய்க் கேட்கலாம்.

காசு விஷயம் இப்படி முடிவானது. யாருக்கும் திருப்பித் தருவதில்லை. செடி பட்டுப்போனவர்களுக்கு, செழித்த வீடுகளில் இருந்து செம்பருத்திக் குச்சி வெட்டித் தருகிறோம். ஓட்டை போட்ட வாளியைக் கொண்டு வந்து காட்டினால்தான் குச்சி. ஊக்குநரிடம் சத்தம் போட்டவர்தான் முதல் ஆளாக வாளியோடு வந்து நின்றார்.