படிப்பு முடிந்த பிறகு
(பொன்விழா இளைஞர் கூட்டத்தில் ஆற்றிய உரை)





பொன்விழாவில் விசாவைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் நினைக்கலாம். வீட்டை அடமானம் வைத்துப் பிள்ளையை இங்கிலாந்துக்குப் படிக்க அனுப்பியவர்கள் இந்த மண்டபத்திலேயே இருக்கிறீர்கள். ஆகவே பேசத்தான் வேண்டும்.

முதுகலை முடித்தவர் அங்கே தங்கி வேலை தேட ‘கிராஜுவேட் விசா’ உண்டு. அதற்கு எந்த முதலாளியின் தயவும் வேண்டாம். 2026 முடிய விண்ணப்பிப்பவருக்கு 2 ஆண்டு; 2027 ஜனவரி 1 முதல் 18 மாதம்தான். அதை நீட்டிக்க முடியாது.

பிறகு ‘ஸ்கில்டு ஒர்க்கர்’ விசா வேண்டும். அரசாங்க உரிமம் பெற்ற நிறுவனம் ஒன்று பிள்ளைக்குப் பொறுப்பேற்க வேண்டும். 2025 ஜூலை 22-இல் வந்த விதிப்படி சம்பளம் பொதுவாக ஆண்டுக்கு 41,700 பவுண்டு. படிப்பு முடித்து மாறுகிறவர்களுக்கு 33,400. சில தொழில்களுக்கு இன்னும் அதிகம். ஓட்டலில் தட்டுக் கழுவி இந்த விசாவைப் பெற இயலாது.

சென்ற ஆண்டு ஒரு தகப்பனார் ஒரு காகிதத்தைக் கொண்டுவந்தார். முத்திரையெல்லாம் அழகாகவே இருந்தது! ‘ஸ்பான்சர்ஷிப் சான்று, பல லட்சம் கேட்கிறார்கள்’ என்றார். அந்தச் சான்று காகிதமே அல்ல. கணினிப் பதிவு, அதற்கோர் எண். அதற்கான கட்டணம் நிறுவனத்தைச் சேர்ந்தது. 2024 டிசம்பர் 31 முதல் அதைத் தொழிலாளியின் தலையில் கட்டினால் நிறுவனத்தின் உரிமமே பறிபோகலாம். விசாக் கட்டணமும், ஆண்டுக்கு 1,035 பவுண்டு மருத்துவ வரியும்தான் பொதுவாக நம் செலவு. அவர் அன்று பணம் கட்டவில்லை. முன்பே கட்டிவிட்டவர்களும் நம்மிடையே உண்டு. வெட்கத்தால் வெளியே சொல்வதில்லை.

உரிமம் பெற்ற நிறுவனங்களின் பட்டியலை அந்நாட்டு அரசே வெளியிடுகிறது. யாரும் பார்க்கலாம். ஆனால் பட்டியலில் பெயர் இருப்பதாலேயே அங்கே வேலை காத்திருக்கிறது என்று எண்ணிவிடாதீர்கள்.

வேலை போய்விட்டால் வேறு நிறுவனம் தேடப் பொதுவாக 60 நாள்தான் அவகாசம். அந்தப் பயத்தில், சம்பளத்தைக் குறைத்தாலும் பிள்ளைகள் வாய் திறப்பதில்லை. பெற்றோரே, தொலைபேசியில் ‘விசா கிடைத்ததா?’ என்று தொடங்காமல், ‘சாப்பிட்டாயா?’ என்று தொடங்குங்கள். திரும்பி வருகிற பிள்ளையைத் தோற்றவனாக எண்ணாதீர்கள்.

கோபுரம் கட்டுமுன் உட்கார்ந்து செலவைக் கணக்கிடுபவனைப் பற்றி ஆண்டவர் சொன்னது நமக்குத் தெரியும். அந்தக் கணக்கைச் சேர்ந்தே பார்ப்போம். ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பின் நூலக அறையில் இருப்பேன். பணம் கட்டுமுன் காகிதங்களைக் கொண்டுவாருங்கள்.